தங்கம் பிடிக்கும் கொட்டாங்குச்சி

சுரங்கத்துக்குக் கப்பலேறும் நம் ஊர்க் கரி, சாக்கடையில் கரைந்தோடும் நம் ஊர்த் தங்கத்தை ஏன் பிடிக்கவில்லை?

தேங்காயை உடைத்து, பருப்பைக் காயவைத்து எண்ணெய்க்கு அனுப்பிய பிறகு காங்கேயம், வெள்ளக்கோவில், பொள்ளாச்சி வட்டாரக் களங்களில் மிஞ்சுவது கொட்டாங்குச்சி. அதைக் கரியாகச் சுட்டு, கடும் சூட்டில் நீராவி பாய்ச்சிப் பதப்படுத்தினால் கிடைப்பது ‘ஆக்டிவேட்டட் கார்பன்’. வீட்டுக் குடிநீர் வடிகட்டியில் இருப்பது இந்தக் கரிதான் என்பது பலருக்குத் தெரியும். பெரிய தங்கச் சுரங்கங்களில் பாறையை அரைத்துச் சயனைடில் கரைத்தபின், அந்தச் சேற்றுநீரிலிருந்து தங்கத்தைப் பிடித்துத் தருவதும் இதே கரிதான் என்பது அவ்வளவாகத் தெரியாது. நீரில் கரைந்த விலையுயர்ந்த உலோகத்தைத் தாவரப் பொருளால் மீட்கலாம் என்று அவ்வப்போது வரும் செய்திகள், அதை ஆய்வுக்கூடத்தில் நேற்றுப் பிறந்த அதிசயம்போலச் சொல்கின்றன. உண்மையில் அது அரை நூற்றாண்டாக நடந்துவரும் தொழில். அதன் மூலப்பொருளில் ஒரு பங்கு நம் தோப்புகளிலிருந்து போகிறது.

ஆகவே, தாவரப் பொருள் தங்கத்தைப் பிடிக்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து நெடுநாளாகிறது. அதை எந்த நீரில் இறக்குவது என்பதுதான் இன்னும் தீராத கேள்வி. மின்னணுக் கழிவை அமிலத்தில் கரைக்கும் இடங்கள், முலாம் பூசும் பட்டறைகள், நகைப் பட்டறைகள் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் நீரில்தான் அதற்கு உண்மையான வேலை இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அங்கே தங்கம் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. பெரிய உலைகளுக்குக் கட்டுப்படியாகாத அளவுக்கு நீர்த்தும் சிதறியும் கிடக்கிறது. செம்பு, ஈயம், நிக்கல் என்ற நச்சு உலோகங்களோடு சேர்ந்தே மண்ணுக்குள் இறங்குகிறது. அந்தத் தங்கத்தைப் பிடித்தால், அதே நீரைச் சுத்தம் செய்வதற்கான கூலியும் கையில் கிடைக்கும். இந்தத் தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய பயன் அதுவே.

பிடிப்பது பாதி, விடுவது மீதி

கரி தங்கத்தை ஈர்க்கும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி. 1887-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடு கரைசலால் தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கும் முறையைக் கண்டார்கள். சில ஆண்டுகளில் அது தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் முகத்தையே மாற்றியது. கரைந்த தங்கத்தைத் திரும்பப் பெற மரக்கரியைப் பயன்படுத்தலாம் என்று ஜான்சன் என்பவர் 1894-இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அந்த வழி பரவவில்லை. கரி பிடித்த தங்கத்தை விடுவிக்கத் தெரியாததால், கரியையே எரித்துச் சாம்பலை உருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கரி முழுவதையும் இழந்து தொழில் நடத்த முடியாது. அதனால் துத்தநாகத் தூளைக் கலந்து தங்கத்தைப் படியவைக்கும் முறையே பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. அதற்குக் கரைசலைத் தெளிய வடிகட்டியாக வேண்டும். களிமண் மிகுந்த தாதுவில் அது பெருஞ்செலவு பிடித்த வேலை.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த ஸாட்ரா என்ற பொறியாளர் இந்த முடிச்சை அவிழ்த்தார். சூடான காரச் சயனைடு கரைசலில் கழுவினால் கரி தங்கத்தை விட்டுவிடுகிறது; கழுவிய நீரில் மின்சாரம் பாய்ச்சினால் தங்கம் தகட்டில் படிகிறது; கரியை மீண்டும் சூடேற்றி வேலைக்கு அனுப்பலாம். 1973-இல் தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் சுரங்கம் இதைப் பெரிய அளவில் நிறுவியது. வடிகட்டும் வேலையே இல்லை. சேற்றுநீர் ஒரு திசையில் தொட்டி தொட்டியாகப் போக, கரித்துண்டுகள் எதிர்த் திசையில் வரும். கடைசியில் சல்லடையால் கரியைப் பிரித்துவிடலாம். சேற்றோடு உரசி உரசிச் சுழலும் கரி உடையக் கூடாது. உடைந்தால் அதன் பொடி, பிடித்த தங்கத்தோடு கழிவில் போய்விடும். மரக்கரி இங்கே தோற்றது. கொட்டாங்குச்சிக் கரி கடினமானது. அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரை விரியும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் தங்கமே உள்ள நீரிலிருந்து, ஒரு டன் கரி சில கிலோ தங்கத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது. இலங்கையில் சிரட்டைக் கரியைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் ஹேகார்ப் நிறுவனம் தொடங்கியதும் அதே 1973-இல்தான்.

இந்த வரலாறு, இன்று புதிதாகச் சொல்லப்படும் ஒவ்வொரு தாவரப் பொருளையும் அளந்து பார்க்க ஓர் அளவுகோலைத் தருகிறது. எவ்வளவு பிடிக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் 1894-இலேயே கரி வென்றிருக்க வேண்டும். பிடித்ததை எப்படித் திரும்பப் பெறுவது, பிடிக்கும் பொருள் எவ்வளவு நாள் தாங்கும், வேண்டாத உலோகத்தை அது விட்டுவிடுமா, கடைசியில் அது எங்கே போகும் என்ற நான்குக்கும் விடை சொல்லும் பொருளே தொழிலில் நிற்கும்.

பழத்தோலில் படியும் பொன்

சுரங்கத்தில் தங்கம் சயனைடோடு இருக்கிறது. மின்கழிவில் கதை வேறு. சர்க்யூட் போர்டிலிருந்து தங்கத்தைக் கரைக்க ராஜ திராவகமோ குளோரின் கலந்த வேறு அமிலமோ பயன்படும்போது, தங்கம் குளோரைடாக நீரில் இருக்கும். கூடவே செம்பும் இரும்பும் நிக்கலும் அதைவிடப் பல மடங்கு கரைந்திருக்கும். இந்தக் கலவையிலிருந்து தங்கத்தை மட்டும் தேர்ந்தெடுக்கத் தாவரங்களின் டானின் கைகொடுக்கிறது. ஜப்பானில் பெர்சிமன் பழத்தின் துவர்ச் சாற்றைக் காகிதத்துக்கும் குடைக்கும் பூசும் பழைய வழக்கம் உண்டு. நம் ஊர்ப் பனிச்சையின் உறவுமரம் அது. அந்தப் பழத்தை உலர்த்தி விற்கும்போது மலைபோல் மிஞ்சும் தோலை எடுத்து, சாகா பல்கலைக்கழகத்தில் கட்சுதோஷி இனோவே குழுவினர் கந்தக அமிலத்தால் பதப்படுத்தி, நீரில் கரையாத பொடியாக்கினார்கள். ஆய்வுக்கூடச் சோதனைகளில் அது தன் எடைக்கு நிகரான அளவில் தங்கத்தைப் பிடித்தது. செம்பையும் இரும்பையும் பெரும்பாலும் தொடவே இல்லை.

இந்தத் தேர்வுக்குத் தெளிவான காரணம் உண்டு. டானினில் பல ஹைட்ராக்சில் கைகள் கொண்ட பீனால் வளையங்கள் நிறைந்திருக்கின்றன. அவை எலக்ட்ரானை எளிதில் கொடுத்துவிடும். குளோரைடாக உள்ள தங்கமோ எலக்ட்ரானை வாங்கத் துடிக்கும் உலோகம். அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 1 வோல்ட், செம்புக்கு 0.34 வோல்ட்தான். ஆகவே டானின் தரும் எலக்ட்ரானைத் தங்கம் எடுத்துக்கொண்டு உலோகமாகவே படிகிறது. செம்பு நீரிலேயே நின்றுவிடுகிறது. பொடியின்மேல் மஞ்சள் துகள்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரளும். ஸாட்ராவுக்கு முன் தொழிலையே முடக்கிய சிக்கல் இங்கே தானாகக் கழன்றுகொள்கிறது. ஒரு கிலோ பழத்தோல் பொடி ஒரு கிலோவுக்கு நெருக்கமான தங்கத்தைப் பிடிக்குமானால், அதை எரித்துத் தங்கத்தை எடுப்பதில் நட்டமில்லை. பிளாட்டினமும் பெல்லேடியமும் இவ்வளவு எளிதில் படிவதில்லை. அவற்றுக்கு மரத்தூளிலோ லிக்னினிலோ அமைன் கைகளை வேதிமுறையில் கோத்துத் தயாரித்த பொருள்கள் வேண்டும்.

டானின் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் நீலகிரியில் நட்ட வாட்டில் மரத்தின் பட்டையும் தோல் பதனிடும் தொழிலுக்குத் தலைமுறைகளாகப் பயன்பட்டவை. இவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கடுக்காய் டானின் அமிலத்தில் சிதையக்கூடியது. வாட்டில் பட்டையின் டானின் பெர்சிமனுடையதைப் போலத் திரண்ட வகை. ஃபார்மால்டிஹைடு போன்றவற்றால் பின்னிவிட்டால் அமிலத்திலும் கரையாத கூழாகிவிடும். அயல்நாட்டிலிருந்து வந்து நீலகிரிப் புல்வெளிகளை விழுங்கிவிட்ட வாட்டிலை அகற்ற வேண்டும் என்பது சூழலியலாளர்களின் நெடுநாள் கோரிக்கை. அகற்றும் மரத்தின் பட்டைக்கு இப்படி ஒரு பயன் கிடைத்தால், காட்டுக்கும் நல்லது, நீருக்கும் நல்லது.

மாவுப்பொருளும் இந்த வரிசையில் உண்டு. 2013-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரேசர் ஸ்டாடர்ட் குழுவினர், மக்காச்சோள மாவிலிருந்து கிடைக்கும் ஆல்ஃபா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளைய மூலக்கூறு, கரைந்த தங்க புரோமைடோடு சேர்ந்து சில நிமிடங்களில் ஊசிப் படிகங்களாக வீழ்படிவாவதைக் கண்டார்கள். வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகக் கிடைத்த கண்டுபிடிப்பு அது. தங்கத்துக்குச் சயனைடைத் தவிர வேறு வழியே இல்லை என்ற எண்ணத்தை அது அசைத்தது.

எந்த நீரில் தேடுவது?

நீரில் தங்கம் என்றதும் கடல்தான் நினைவுக்கு வரும். நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர், முதல் உலகப் போருக்குப் பின் தன் நாட்டின்மேல் விழுந்த இழப்பீட்டுச் சுமையைக் கடல் தங்கத்தால் தீர்க்கலாம் என்று 1920-களில் பெருமுயற்சி செய்தார். ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஆராய்ந்தபின், முன்பு நம்பியதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று தெரிந்து கைவிட்டார். அட்லாண்டிக், வட பசிபிக் பெருங்கடல்களில் பத்துக் கோடி டன் நீருக்கு ஒரு கிராம் தங்கம் என்பது இன்றைய கணக்கு. எந்தக் கரியாலும் இதைக் கட்டுப்படியாக்க முடியாது. அவ்வளவு நீரை இறைக்கும் செலவே தங்கத்தின் விலையைத் தாண்டிவிடும்.

மின்கழிவின் கணக்கு நேர்மாறானது. சுரங்கத் தாதுவில் டன்னுக்கு ஒரு கிராம் முதல் ஐந்து கிராம் தங்கம் இருந்தாலே நல்ல தாது. கணினி, கைப்பேசி சர்க்யூட் போர்டுகளில் டன்னுக்கு நூறு கிராமுக்கு மேலும் இருப்பதுண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2024-இல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. மின்கழிவை அதிகம் உண்டாக்கும் நாடுகளில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து நிற்கிறது இந்தியா. தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் போர்டுகளைச் சுட்டும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுப்பவர்களின் நிலை பலமுறை பதிவாகியிருக்கிறது. தங்கத்தில் பெரும்பகுதியை எடுத்தபின் எஞ்சும் அமிலத்தில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் தங்கமும், அதைவிடப் பல நூறு மடங்கு செம்பும் இருக்கும். அது சாக்கடைக்குப் போகிறது.

பெல்ஜியத்தின் ஹோபோக்கன் போன்ற இடங்களிலுள்ள பெரும் உலைகளுக்கு இந்த நீர் பொருட்டல்ல. அவற்றுக்கு ஆயிரக்கணக்கான டன் போர்டுகள் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். கரைப்பான் கொண்டு பிரிக்கும் முறைக்கும் செறிவான கரைசல் வேண்டும். நீர்த்த, சிறிய, சிதறிய ஓட்டங்களுக்குப் பொருந்துவது, டானின் கூழோ கரியோ நிரப்பிய ஓர் எளிய குழாய்தான். மேலே ஊற்றினால் கீழே வடியும். உயர் வெப்பமோ பெரிய இயந்திரமோ தேவையில்லை. சுரங்கத்தில் கரி வென்றதற்குக் காரணமான அதே நீர்த்த நிலைமை, இங்கே பட்டறையின் வாசலிலேயே இருக்கிறது.

எதிர்வாதங்களுக்குப் பதில்

ஆய்வுக்கூட எண்கள் களத்தில் நிற்காது என்பது முதல் எதிர்வாதம். இது நியாயமானது. தூய தங்கக் குளோரைடைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துச் செய்த சோதனையில் கிடைக்கும் அளவு, எண்ணெய்ப் பிசுக்கும் நைட்ரிக் அமிலமும் கலந்த உண்மைக் கழிவில் கிடைக்காது. நைட்ரிக் அமிலம் டானினையே தின்றுவிடும். முன்கூட்டியே அதைப் போக்கவோ நடுநிலையாக்கவோ வேண்டும். ஆனால் கணக்கைக் கவனித்தால், எண் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ஒரு கிலோ பட்டைத் தூள் நூறு கிராம் தங்கத்தைப் பிடிக்கும். மூலப்பொருள் கழிவாக இருக்கும்வரை இந்தச் சரிவைத் தாங்கலாம். தாங்க முடியாதது, உண்மைக் கழிவில் சோதிக்காமலேயே கட்டுரை எழுதி முடிக்கும் ஆய்வுப் பழக்கம்தான்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கடுமையானது. தாவரப் பொருள் என்ற பச்சைப் பெயரைச் சூட்டி, நஞ்சான தொழிலுக்கு நற்சான்று கொடுக்கிறோம் என்பது அது. சயனைடு ஆலையில் கொட்டாங்குச்சிக் கரி போடுவதால் சயனைடு அமுதாகிவிடாது. 2000 ஜனவரி 30-இல் ருமேனியாவின் பாயா மாரேயில், பழைய சுரங்கக் கழிவிலிருந்து தங்கம் எடுத்த ஆலையின் அணை உடைந்து, ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆறுகளில் கலந்தது. ஹங்கேரியின் திசா ஆறு வரை மீன்கள் செத்து மிதந்தன. இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது; அங்கே மூன்று கோடி டன்னுக்கு மேல் சயனைடு மண்மேடுகள் இன்றும் நிற்கின்றன; அவற்றிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் பேச்சும் தொடர்கிறது. அந்த வேலை நடக்குமானால் கரியும் அங்கே போகும். கரி இருப்பதை வைத்து அதைப் பசுமைத் தொழில் என்று சொல்ல விடக் கூடாது. முழுச் செயல்முறையையும், கடைசிச் சொட்டு நீர்வரை, அளந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும். வீட்டுக் கொல்லையில் அமிலம் காய்ச்சுபவருக்கு டானின் பொடியைக் கொடுத்துவிட்டு நகர்வதும் தவறு. அவர் மூச்சில் ஏறும் புகையை அந்தப் பொடி தடுக்காது.

மூன்றாவது, கரியே மாசு என்ற குறை. குழியில் கொட்டாங்குச்சியைச் சுடும்போது எழும் புகையும், சூட்டைத் தணிக்க ஊற்றும் நீரும் காற்றையும் நிலத்தடி நீரையும் கெடுப்பதாகக் காங்கேயம் வட்டார மக்கள் முறையிட்டு வருகிறார்கள். அந்தக் குறை உண்மை. அயல்நாட்டுச் சுரங்கத்துக்குத் தங்கம், நம் கிராமத்துக் கிணற்றுக்குக் கசப்பு என்ற பங்கீட்டை ஏற்க முடியாது. மூடிய உலையில் சுட்டு, புகையை எரித்து அந்தச் சூட்டையே நீராவிக்குப் பயன்படுத்தும் முறைகள் இருக்கின்றன. அவற்றைக் கட்டாயமாக்குவது இந்தத் தொழிலின் முதல் நிபந்தனை.

கடைசியாக, இதில் கிடைக்கும் தங்கம் எவ்வளவு என்று கேட்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானியர்கள் சுமார் 79,000 டன் சிறு மின்கருவிகளையும் 62 லட்சம் கைப்பேசிகளையும் திரட்டினார்கள். கிடைத்த தங்கம் ஏறத்தாழ 32 கிலோ. ஆண்டுதோறும் பல நூறு டன் தங்கம் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு இது கணக்கிலேயே வராது. சரிதான். இறக்குமதியைக் குறைக்கும் வழியாக இதை யாராவது விற்றால் நம்ப வேண்டாம். இதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்வது பட்டறைக்காரருக்கு வெறும் செலவாக இருக்கும்வரை இரவில் மதகு திறக்கும். அந்த நீரைச் சேர்த்துவைத்துக் கொடுத்தால் அதிலுள்ள தங்கத்துக்குப் பணம் கிடைக்கும் என்றால், அதே கை மதகை மூடும். தங்கம் போனபின் எஞ்சும் செம்பையும் ஈயத்தையும் நீக்கும் செலவுக்கும் அதிலிருந்தே பங்கு எடுக்கலாம்.

செய்ய வேண்டியது

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்தவர் மீட்ட தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் அளவைக்கொண்டு சான்றிதழ் வழங்குகின்றன. மீட்டது கணக்கில் வருகிறது; நீரோடு போனது வருவதில்லை. கழிவுநீருக்கான பொது வரம்புகளில் செம்பு, நிக்கல், துத்தநாகம் எல்லாம் உண்டு; தங்கமும் பெல்லேடியமும் நஞ்சாகக் கருதப்படாததால் இல்லை. வெளியேறும் நீரில் விலையுயர்ந்த உலோகத்தையும் அளக்கச் சொன்னால் எவ்வளவு இழக்கிறோம் என்பது முதல் ஆண்டிலேயே வெளிச்சத்துக்கு வரும். அளக்காத இழப்பைத் தடுக்க யாரும் முதலீடு செய்யமாட்டார்கள்.

ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுவோர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கூட்டுச் சேர்ந்தது போல, முலாம் பூசுவோரும் உரிமம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரும் நகைப் பட்டறையாளரும் சேரலாம். ஒவ்வொரு பட்டறையிலும் தாவரப் பொருள் நிரப்பிய குழாய். நிரம்பியதும் பொது நிலையம் எடுத்துச் சென்று, புகைகட்டுப்பாடு உள்ள உலையில் எரித்து, சோதித்த அளவுக்குப் பணம் தரும். டானினைக் கரைத்துக் குடித்த அறிவு சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. கரைசலிலிருந்து உலோகம் படியவைக்கும் அறிவு காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. கரி சுடும் கை காங்கேயத்தில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே திட்டத்தில் உட்காரவைத்து, வாட்டில் பட்டையையும் கொட்டாங்குச்சிக் கரியையும் உண்மையான பட்டறைக் கழிவில் ஓராண்டு சோதிக்கும் செலவு, அரசுக்குப் பெரிய தொகை அல்ல.

வாசகருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கைப்பேசியை எடைக்குப் போட்டால் அது ஏதோ ஒரு கொல்லையில் அமிலத்தில் முடியும். உரிமம் பெற்ற சேகரிப்பு மையத்தில் கொடுத்தால் கணக்கில் வரும். தாவரப் பொருளால் தங்கத்தை மீட்கும் வித்தை தேறிவிட்டது. அதை வெளிநாட்டுச் சுரங்கத்துக்கு விற்கும் சரக்காக மட்டும் வைத்திருப்பது நம் தேர்வு. நம் நீரைக் காக்கும் கருவியாக்குவதும் நம் தேர்வே. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்படி அரசையும் தொழில்துறையையும் வாசகர்கள் வற்புறுத்த வேண்டும்.